பாதி மரபணு என்றால் பாதி தலையெழுத்தா?

"படித்த, வசதியான பெற்றோரின் பிள்ளைகளே தலைமுறை தலைமுறையாக மேலே இருக்கிறார்கள். திறமையில் பாதி மரபணுவில் வருவதாக ஆராய்ச்சி சொல்கிறதாம். அப்படியென்றால் சமூக ஏற்றத்தாழ்வில் பாதி பிறப்பிலேயே முடிவாகிவிட்டதா? வளர்ப்பையும் பள்ளியையும் சீர்செய்து என்ன பயன்?" என்று கேட்டிருக்கிறீர்கள். பார்க்க ஒரே கேள்வி போல இருந்தாலும் இதில் மூன்று கேள்விகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. மனிதருக்கு மனிதர் ஏன் வேறுபடுகிறார்கள் என்பது ஒன்று. பிள்ளைகள் ஏன் பெற்றோரின் நிலையையே அடைகிறார்கள் என்பது இன்னொன்று. அதை மாற்ற முடியுமா என்பது மூன்றாவது. முதல் கேள்விக்குக் கிடைத்த எண்ணைத் தூக்கி மூன்றாவது கேள்விக்குப் பதிலாக வைப்பதுதான் இந்த விஷயத்தில் அடிக்கடி நடக்கும் பிழை. ஆகவே அந்தப் 'பாதி' எங்கிருந்து வந்தது என்பதிலிருந்தே தொடங்குகிறேன்.

அது இரட்டையர் ஆய்வுகளிலிருந்து வந்தது. ஒரே கரு பிளந்து பிறக்கும் இரட்டையருக்கு மரபணுக்கள் ஏறக்குறைய முழுவதும் ஒன்று. தனித்தனிக் கருவாக உருவாகிப் பிறக்கும் இரட்டையர், மற்ற உடன்பிறந்தாரைப் போலவே, ஆளுக்கு ஆள் மாறுபடும் மரபணுப் பகுதிகளில் சராசரியாகப் பாதியைத்தான் பகிர்ந்துகொள்கிறார்கள். இரு வகையினரும் ஒரே வீட்டில், ஒரே காலத்தில் வளர்கிறார்கள். எனவே முதல் வகையினர் எவ்வளவு கூடுதலாக ஒத்திருக்கிறார்களோ அது மரபணுவின் வேலை என்பது கணக்கின் அடிப்படை. படித்த ஆண்டுகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஒட்டுறவு எண் (இணையர் எவ்வளவு ஒத்திருக்கிறார்கள் என்பதைச் சொல்வது; 0 என்றால் ஒற்றுமையே இல்லை, 1 என்றால் முழு ஒற்றுமை) முதல் வகையில் 0.76, இரண்டாம் வகையில் 0.56 என்று வைத்துக்கொண்டால் வித்தியாசம் 0.20. அதை இரண்டால் பெருக்கினால் 0.40. இதுதான் மரபுப் பங்கு, ஆய்வாளர்கள் 'ஹெரிட்டபிலிட்டி' என்று சொல்வது. 0.76இல் 0.40ஐக் கழித்தால் வரும் 0.36, உடன்பிறந்தாரை ஒன்றுபோல ஆக்கும் குடும்பச் சூழலின் பங்கு. ஒன்றில் 0.76 போக மிஞ்சும் 0.24இல் நோய், நட்பு, நல்ல ஆசிரியர் வாய்த்தது, அளவீட்டுப் பிழை என்று மற்ற எல்லாமே அடக்கம். எண்களைச் சும்மா எடுக்கவில்லை. பல நாட்டு இரட்டையர் ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தால் படிப்புக்கு இதை ஒட்டிய விடைதான் கிடைக்கிறது. 2015இல் வெளியான ஒரு பெருந்தொகுப்பு, ஐம்பது ஆண்டுகளில் வந்த 2,748 ஆய்வுகளை, 1 கோடியே 45 லட்சம் இரட்டையர் இணைகளை, 17,804 பண்புகளை ஒன்றாகத் திரட்டியது. எல்லாப் பண்புகளுக்கும் சேர்த்துச் சராசரி மரபுப் பங்கு 49 விழுக்காடு. உங்கள் 'பாதி' அநேகமாக இங்கிருந்துதான் புறப்பட்டிருக்கும்.

இந்த எண் எதைச் சொல்கிறது? குறிப்பிட்ட ஒரு மக்கள்தொகையில், குறிப்பிட்ட ஒரு காலத்தில், ஆட்களுக்கிடையே காணும் வேறுபாட்டில் எவ்வளவு பங்கு மரபணு வேறுபாட்டோடு சேர்ந்து போகிறது என்பதை மட்டும். ஒரு தனி ஆளிடம் இருக்கும் திறமையில் பாதி மரபணு, பாதி வளர்ப்பு என்று பிரித்துக் காட்ட இந்த எண்ணால் ஆகாது. கையில் ஐந்து விரல் வருவது முழுக்க மரபணுவின் வேலை. ஆனால் விரல்களின் எண்ணிக்கையில் மனிதர்களுக்கிடையே காணும் வேறுபாட்டில் பெரும்பகுதி விபத்தால் வருவது. எனவே விரல் எண்ணிக்கையின் மரபுப் பங்கு மிகக் குறைவு! கேட்க விசித்திரமாக இருந்தாலும் கணக்கு சரிதான். சூழல் எல்லோருக்கும் ஒன்றுபோல ஆக ஆக, மிஞ்சும் வேறுபாட்டுக்கு மரபணு மட்டுமே காரணமாக நிற்கும், மரபுப் பங்கு ஏறும். சூழலில் ஏற்றத்தாழ்வு பெருகினால் அது இறங்கும். அதாவது இது சமூகத்தைப் பொறுத்து நகரும் எண்.

மாற்ற முடியுமா என்பதற்கும் இந்த எண்ணுக்கும் இருக்கும் தூரத்தைக் காட்ட உயரத்தைவிட நல்ல உதாரணம் இல்லை. நல்ல ஊட்டம் கிடைக்கும் மக்களிடையே உயரத்தின் மரபுப் பங்கு சுமார் 80 விழுக்காடு. அதே உயரம், தென்கொரியப் பெண்களிடம் ஒரே நூற்றாண்டில் சராசரியாக 20 சென்டிமீட்டர் கூடியது. மூன்று நான்கு தலைமுறையில் மரபணு அவ்வளவு மாற வழியே இல்லை. சாப்பாடும் சுகாதாரமும் மாறின. உயரமான பெற்றோரின் பிள்ளைகள் அப்போதும் மற்றவர்களைவிட உயரமாகவே இருந்தார்கள், ஆனால் வரிசையே மொத்தமாக மேலே ஏறிவிட்டது. இன்னொன்று ஃபினைல்கீட்டோனூரியா என்ற பிறவி நோய். காரணம் ஒரே ஒரு மரபணுக் கோளாறு. கவனிக்காமல் விட்டால் மூளை வளர்ச்சி கடுமையாகப் பாதிக்கப்படும். பிறந்த சில நாட்களுக்குள் குதிகாலில் ஊசியால் குத்தி எடுக்கும் ஒரு சொட்டு ரத்தத்தில் கண்டுபிடித்து, ஃபினைல்அலனின் என்ற புரதக்கூறு குறைந்த உணவைக் கொடுத்துவந்தால் குழந்தை இயல்பாக வளரும். காரணம் முழுக்க மரபணு, தீர்வு முழுக்கச் சாப்பாடு.

இரட்டையர் கணக்கிலும் ஓட்டைகள் உண்டு. அவை இரு பக்கமும் இழுக்கும் என்பதைப் பலர் சொல்வதில்லை. அச்சில் வார்த்தது போல இருக்கும் இரட்டையரை வீடும் பள்ளியும் கூடுதலாக ஒன்றுபோல நடத்தினால், அந்த ஒற்றுமையும் மரபணுவின் கணக்கில் ஏறிவிடும். மரபுப் பங்கு பெரிதாகத் தெரியும். மறுபக்கம், படித்தவர் படித்தவரையே மணந்துகொள்வதால், தனிக்கரு இரட்டையர் மரபணுவில் பாதிக்கும் மேலாகவே ஒத்திருப்பார்கள். கணக்கோ பாதி என்றே வைத்துக்கொள்கிறது. அப்போது மரபுப் பங்கு சிறிதாகவும் குடும்பச் சூழல் பெரிதாகவும் தெரியும். இந்த இரண்டு பிழையும் ஒன்றையொன்று எவ்வளவு அடித்துக்கொள்கின்றன என்பது பண்புக்குப் பண்பு வேறு. ஆகவே '40' என்பதை 30க்கும் 50க்கும் நடுவே எங்கோ என்று வாசித்துக்கொள்வதே உத்தமம்.

இதைவிட ஆழமான சிக்கல் ஒன்று இருக்கிறது. தாயைப் போல பிள்ளை, நூலைப் போல சேலை என்கிறோம். ஆனால் தாய் நூலை மட்டும் கொடுப்பதில்லை, தறியையும் அவளே கொடுக்கிறாள். மரபணுவைக் கொடுத்த அதே ஆட்கள்தான் வீட்டையும் பேச்சையும் பழக்கங்களையும் கொடுக்கிறார்கள். இரண்டும் ஒரே பொட்டலத்தில் வந்து சேர்வதால், வெறுமனே பெற்றோரையும் பிள்ளையையும் ஒப்பிட்டு எது எவ்வளவு என்று சொல்ல முடியாது. 2018இல் ஐஸ்லாந்தில் செய்த ஓர் ஆய்வு இந்த முடிச்சை அழகாக அவிழ்த்தது. ஒவ்வொரு பெற்றோரிடமும் எந்த மரபணுப் பகுதியும் இரண்டு பிரதிகளாக இருக்கும். பிள்ளைக்குப் போவது அதில் ஒன்று. போகாமல் நின்ற மற்றொன்று பிள்ளையின் உடம்பிலேயே இல்லை. அது பிள்ளையின் படிப்போடு தொடர்பு காட்டினால், அந்தத் தொடர்பு பெற்றோரின் வழியாக, அவர்கள் அமைத்த வீட்டின் வழியாகத்தான் வந்திருக்க வேண்டும். இருபத்தோராயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் தரவில் பார்த்தபோது, கடத்தப்படாத பிரதிகளின் விளைவு, கடத்தப்பட்டவற்றின் விளைவில் சுமார் 30 விழுக்காடு இருந்தது. வளர்ப்புக்குப் பங்கு உண்டு என்பதற்கு இது சான்று. அந்த வளர்ப்பையே பெற்றோரின் மரபணுவும் ஓரளவு வடிவமைக்கிறது என்பதற்கும் இதுவே சான்று. இதில் தாத்தா பாட்டி காலத்து வசதி, தனக்கு ஒத்தவரை மணக்கும் வழக்கம் ஆகியவையும் கலந்திருக்கலாம் என்பதால் அந்த 30ஐ அப்படியே 'வளர்ப்பு' என்று எழுதிவிடக் கூடாது.

மரபணுக்களை நேரடியாகவே எண்ணிப் பார்க்கும் வேலையும் நடந்தது. 2013இல் சுமார் 1 லட்சம் பேரை வைத்துத் தேடியபோது படித்த ஆண்டுகளோடு உறுதியாகத் தொடர்பு காட்டியவை மரபணுத் தொகுதியில் மூன்றே இடங்கள். ஒவ்வொன்றின் விளைவும் ஏறக்குறைய ஒரு மாதப் படிப்பு. 2018இல் 11 லட்சம் பேர், 1,271 இடங்கள். 2022இல் 30 லட்சம் பேர், கிட்டத்தட்ட 4,000 இடங்கள். எல்லாவற்றையும் கூட்டி ஆளுக்கு ஒரு மரபணு மதிப்பெண் போட்டால், ஆட்களுக்கிடையே படிப்பில் காணும் வேறுபாட்டில் 12 முதல் 16 விழுக்காட்டை அது விளக்குகிறது. அறிவுக்கான மரபணு என்று ஒன்று இல்லை என்பது இதிலிருந்து உறுதியாகத் தெரிகிறது. ஆயிரக்கணக்கான இடங்கள், ஒவ்வொன்றும் தூசி அளவு. அதோடு, ஒரே வீட்டில் பிறந்த உடன்பிறந்தாரை மட்டும் ஒப்பிட்டால் இந்த மதிப்பெண்ணின் வலு படிப்பைப் பொறுத்தவரை ஏறக்குறைய பாதியாகக் குறைந்துவிடுகிறது. மரபணு என்று கணக்கில் எழுதப்பட்டதில் ஒரு பகுதி உண்மையில் குடும்பம்தான் என்று அர்த்தம். இந்த மதிப்பெண்கள் பெரும்பாலும் ஐரோப்பிய வம்சாவளியினரின் தரவிலிருந்து உருவானவை. மற்றவர்களிடம் பயன்படுத்தினால் வலு இன்னும் சரிகிறது. யாராவது உமிழ்நீர் பரிசோதனை செய்து உங்கள் குழந்தையின் கல்வித் திறனைச் சொல்கிறோம் என்று வந்தால் பணத்தைப் பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். பல லட்சம் பேரின் சராசரியில் தெரியும் போக்கு, ஒரே ஒரு குழந்தையைப் பற்றி ஒன்றும் பெரிதாகச் சொல்லாது.

பொட்டலத்தைப் பிரிக்க இன்னொரு வழி தத்து. இங்கே மரபணு ஒரு வீட்டிலிருந்தும் வளர்ப்பு வேறொரு வீட்டிலிருந்தும் வருகிறது. வழக்கமான சிக்கல், தத்து அமைப்புகள் குழந்தையை வளர்ப்புப் பெற்றோருக்கு ஏற்றதாகப் பார்த்துக் கொடுத்துவிடும் என்பது. கொரியக் குழந்தைகளை அமெரிக்கக் குடும்பங்களுக்குத் தத்துக் கொடுத்த ஒரு திட்டத்தில், தகுதி பெற்ற குடும்பங்களுக்கு விண்ணப்ப வரிசைப்படி குழந்தை கிடைத்தது. கிட்டத்தட்டக் குலுக்கல் மாதிரி. 2007இல் வெளியான அந்த ஆய்வில், தாய் கூடுதலாகப் படித்த ஒவ்வோர் ஆண்டுக்கும் சொந்தப் பிள்ளையின் படிப்பு சுமார் 0.3 ஆண்டு கூடியது, தத்துப்பிள்ளையின் படிப்பு சுமார் 0.1 ஆண்டுதான் கூடியது. வளர்ப்புக்கு மூன்றில் ஒரு பங்குதான் என்று இதைப் படித்துவிட்டுப் போய்விடலாம். ஆனால் அதே ஆய்வில், பெற்றோர் நன்கு படித்த சிறிய குடும்பங்களுக்குப் போன குழந்தைகள், அவ்வளவு படிக்காத பெரிய குடும்பங்களுக்குப் போனவர்களைவிடக் கல்லூரி முடிக்கும் வாய்ப்பு 16 விழுக்காட்டுப் புள்ளிகள் அதிகம். இது சின்ன வித்தியாசமே இல்லை. அதுவும் தத்தெடுக்க அனுமதி பெற்ற குடும்பங்களுக்குள்ளேயே! நிலையில்லாத வருமானமும் பசியும் வன்முறையும் உள்ள வீடுகள் அந்தப் பட்டியலுக்குள்ளேயே வரவில்லை. சூழலின் அடிமட்டத்தை வெட்டி எறிந்துவிட்டு அளந்தால் சூழல் சிறிதாகத்தான் தெரியும். தத்து ஆய்வுகளைப் படிக்கும்போது இதை மறந்துவிடவே கூடாது.

அடிமட்டத்திலிருந்து எடுக்கப்பட்ட குழந்தைகளைப் பார்த்தால் படம் மாறுகிறது. 1999இல் வெளியான ஒரு பிரெஞ்சு ஆய்வு, கடும் புறக்கணிப்பில் வளர்ந்து, ஐக்யூ 86க்குக் கீழே இருந்து, 4 முதல் 6 வயதில் தத்துப்போன 65 குழந்தைகளைப் பதின்ம வயதில் மறுபடி சோதித்தது. வசதி குறைந்த வீடுகளில் வளர்ந்தவர்களின் சராசரி சுமார் 85, வசதியான வீடுகளில் வளர்ந்தவர்களின் சராசரி சுமார் 98. இரு பிரிவினரின் சராசரியும் ஏறியிருந்தது. அதே நேரம், தத்துக்கு முன் மற்றவர்களைவிடக் குறைவாக எடுத்திருந்தவர்கள் பின்னும் குறைவாக எடுக்கும் போக்கு மறையவில்லை. இடவரிசை ஓரளவு அப்படியே இருந்தபடி மொத்த வரிசையும் மேலே நகர்வது உயரத்தில் பார்த்த அதே காட்சிதான். சுவீடனில் ஒருவர் பெற்ற வீட்டிலும் மற்றவர் தத்து வீட்டிலும் வளர்ந்த 436 சகோதரர் தொகுதிகளை, ராணுவச் சேர்க்கைத் தேர்வில் 18 முதல் 20 வயதில் எடுத்த மதிப்பெண்ணை வைத்து ஒப்பிட்டார்கள். தத்துப்போனவர் சராசரியாக 4.4 ஐக்யூ புள்ளி கூடுதல்.

இதுவரை பேசியது திறமையும் படிப்பும். ஏற்றத்தாழ்வு என்று நாம் சொல்லும்போது மனதில் இருப்பது வருமானமும் சொத்தும். அங்கே விகிதங்கள் வேறு. சுவீடனின் தத்துப் பதிவேடுகளை வைத்துச் சொத்தைப் பார்த்தபோது, தத்துப்பிள்ளையின் சொத்து, பெற்ற பெற்றோரின் சொத்தைவிட வளர்த்த பெற்றோரின் சொத்தையே மிக அதிகமாக ஒத்திருந்தது. உயில் சொத்து கைக்கு வருவதற்கு முன்பே அப்படித்தான். பணம் சேர்க்கும் குணம் ரத்தத்தில் வருகிறது என்ற பேச்சுக்கு இங்கே இடம் குறைவு. வீடு வாங்க முன்பணம் கொடுப்பது, கடனில்லாமல் படிக்க வைப்பது, எதில் முதலீடு செய்வது என்ற பழக்கம் இவைதான் வேலை செய்கின்றன. ஆகவே 'ரத்தமா வளர்ப்பா' என்று யாராவது கேட்டால், எதைப் பற்றிக் கேட்கிறீர்கள் என்று திருப்பிக் கேட்க வேண்டும். உயரத்துக்கு ஒரு விடை, படிப்புக்கு ஒரு விடை, சொத்துக்கு ஒரு விடை.

ஒரு தலைமுறையின் நிலை அடுத்ததற்கு எவ்வளவு கடத்தப்படுகிறது என்பதை 0க்கும் 1க்கும் இடையே ஓர் எண்ணாகச் சொல்வது வழக்கம். 0 என்றால் தந்தையின் வருமானத்தை வைத்து மகனுடையதை யூகிக்கவே முடியாது. 0.5 என்றால் சராசரியைவிட எவ்வளவு விழுக்காடு மேலே தந்தை இருக்கிறாரோ அதில் பாதி மகனிடம் எதிர்பார்க்கலாம். 1980களில் அமெரிக்காவுக்கு இது 0.2 என்று நம்பினார்கள். இரண்டு தலைமுறையில் எல்லாம் கரைந்துவிடும் என்ற நம்பிக்கை அப்போது பரவலாக இருந்தது. பிழை அளவீட்டில் இருந்தது. தந்தையின் ஒரே ஓர் ஆண்டு வருமானத்தை எடுத்திருந்தார்கள். அந்த ஆண்டு வேலை போயிருக்கலாம், அல்லது திடீர் லாபம் வந்திருக்கலாம். அந்த இரைச்சல் உண்மைத் தொடர்பை அமுக்கிவிடும். பல ஆண்டுச் சராசரியை எடுத்ததும் எண் 0.4ஐத் தொட்டது. அடுத்த பிழை, 0.4ஐ 0.4ஆல் பெருக்கிப் பேரனுக்கு 0.16தான் என்று கணக்குப் போடுவது. மூன்று நான்கு தலைமுறைத் தரவு கிடைத்த இடங்களில் தொடர்ச்சி அதைவிடக் கூடுதலாகவே தெரிகிறது. ஒரு தலைமுறையின் வருமானத்தில் தெரியாத வேறு ஏதோ அடியில் ஓடுகிறது. அது மரபணுவா, தொடர்புகளா, குடும்பப் பெயரா என்பதில்தான் இன்றைக்குப் பெரிய சண்டை. பல நூற்றாண்டு வம்சாவளியைப் பார்த்து அது மரபணுவோடு பொருந்துகிறது என்று வாதிடுபவர்கள் உண்டு. உறவினரிடையே காணும் அந்த ஒற்றுமைப் பாங்கை மரபணு இல்லாமலும் பெறலாம் என்று மறுப்பவர்களும் உண்டு. இதை முடிந்த விஷயமாக யார் சொன்னாலும் நம்ப வேண்டாம்.

சண்டை இல்லாத இடம் ஒன்று உண்டு. அந்த எண் நாட்டுக்கு நாடு வெகுவாக மாறுகிறது. டென்மார்க்கில் 0.15 அளவில், அமெரிக்காவில் 0.45க்கு மேல். ஒரே நாட்டுக்குள்ளும் மாறுகிறது. அமெரிக்காவில் வருமானத்தில் கடைசி ஐந்தில் ஒரு பங்கினரின் வீட்டில் பிறந்த குழந்தை முதல் ஐந்தில் ஒரு பங்குக்குள் போகும் வாய்ப்பு, சான் ஹோசே வட்டாரத்தில் 12.9 விழுக்காடு, ஷார்லட் வட்டாரத்தில் 4.4. அங்கும் இங்கும் குடியிருப்பவர்கள் வேறு ஆட்கள் என்பதால் மட்டும் இது வரவில்லை என்பதற்குக் குலுக்கல் சோதனையே இருக்கிறது. 1994 முதல் 1998 வரை ஐந்து அமெரிக்க நகரங்களில் சுமார் 4,600 ஏழைக் குடும்பங்களைக் குலுக்கிப்போட்டு, சிலருக்கு வறுமை குறைந்த பகுதிக்குக் குடிபோக வாடகை உதவி கொடுத்தார்கள். 13 வயதுக்கு முன் அப்படிப் போன பிள்ளைகள் இருபதுகளின் நடுவில் மற்றவர்களைவிட 31 விழுக்காடு அதிகம் சம்பாதித்தார்கள். 13 வயதுக்குப் பின் போனவர்களுக்குப் பலன் இல்லை, சற்று இழப்பே தெரிந்தது. பழகிய பள்ளியையும் நண்பர்களையும் விட்டுப் பிடுங்கி நட்டதன் சேதம் என்று கருதப்படுகிறது. பின்லாந்தில் 1972 முதல் 1977 வரை பள்ளிமுறையை மாற்றி, பிள்ளைகளை 11 வயதிலேயே கல்லூரிப் பாதை, தொழில் பாதை என்று பிரிப்பதை 16 வயதுக்குத் தள்ளினார்கள். தந்தைக்கும் மகனுக்குமான எண் 0.30இலிருந்து 0.23 அளவுக்கு இறங்கியது. பின்லாந்துக்காரர்களின் மரபணுவை யாரும் தொடவில்லை.

வளர்ப்பில் எது வேலை செய்கிறது என்பதில் ஊதிப் பெருக்கியவை நிறைய. மூன்று வயதுக்குள் ஏழைக் குழந்தை 3 கோடி வார்த்தை குறைவாகக் கேட்கிறது என்ற பிரபலமான கணக்கு 42 குடும்பங்களை மட்டும் வைத்துப் போட்டது. பின்னால் வந்த ஆய்வுகளில் இடைவெளி அவ்வளவு பெரிதாக இல்லை. அதோடு படித்த பெற்றோர் நிறையப் பேசுவதில் அவர்களின் மரபணுவும் கலந்திருக்கிறது. வார்த்தையை எண்ணிக்கொண்டிருப்பதைவிட, குழந்தை ஒன்று சொன்னால் அதைப் பிடித்துக்கொண்டு பதில் பேசுவது முக்கியம். இதற்கு வலுவான சான்று ஜமைக்காவில் 1986இல் தொடங்கிய சோதனை. வளர்ச்சி குன்றிய, 9 முதல் 24 மாதம் வரையான 129 குழந்தைகள். ஒரு பகுதியினரின் வீட்டுக்கு வாரம் ஒரு மணி நேரம், இரண்டு ஆண்டுகள், பயிற்சி பெற்ற ஊழியர் போய், வீட்டிலேயே செய்த பொம்மைகளை வைத்துத் தாயும் குழந்தையும் எப்படி விளையாடுவது, பேசுவது என்று காட்டிக்கொடுத்தார். இருபது ஆண்டுகள் கழித்து அவர்கள் 25 விழுக்காடு அதிகம் சம்பாதித்தார்கள். ஊட்ட உணவு மட்டும் பெற்றவர்களிடம் அந்த நீண்டகாலப் பலன் தெரியவில்லை. எண்ணிக்கை சிறியது என்பதால் 25 என்ற துல்லியத்தைப் பிடித்துத் தொங்கக் கூடாது, திசையை நம்பலாம். அமெரிக்காவின் மிச்சிகனில் 1960களில் 123 குழந்தைகளை வைத்து நடந்த முன்பள்ளிச் சோதனையில் ஐக்யூ ஏற்றம் சில ஆண்டுகளில் கரைந்துபோனது. திட்டம் தோற்றது என்று எழுதிவிட்டார்கள். அந்தப் பிள்ளைகள் நாற்பது வயதாகும்போது வருமானம் கூடுதலாகவும் கைதானது குறைவாகவும் இருந்தது. எதை அளக்கிறோம், எப்போது அளக்கிறோம் என்பதில் ஏமாறும் வாய்ப்பு அவ்வளவு.

எண்களுக்கு அடியில் அன்றாடம் என்ன நடக்கிறது என்பதை ஒரு சின்னக் காட்சியில் பார்க்கலாம். ஒன்பது வயதுப் பிள்ளை பின்னக் கணக்கில் தோற்றுப்போய் விடைத்தாளைக் கொண்டுவருகிறது. இரண்டு வீட்டிலும் அதே பிள்ளை, அதே மரபணு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு வீட்டில் அம்மா தாளைப் புரட்டிப் பார்த்து, கூட்டும்போது கீழெண்ணையும் சேர்த்துக் கூட்டுகிறான் என்று கண்டுபிடிக்கிறாள். மறுநாள் ஆசிரியரைப் பார்க்கிறாள், பத்து நாளில் சரியாகிவிடுகிறது. மற்ற வீட்டில் அம்மா இரவு வேலை முடிந்து வருகிறாள். அன்புக்கு ஒரு குறைவும் இல்லை. தாளைப் பார்த்துவிட்டு, "நம்ம குடும்பத்துக்கே கணக்கு வராதுடா, விடு" என்று தலையைத் தடவிக்கொடுக்கிறாள். பின்னம் புரியாதவனுக்கு அடுத்த ஆண்டு விகிதம் புரியாது, அதற்கடுத்து இயற்கணிதம் புரியாது. பதினைந்து வயதில் சோதித்துப் பார்ப்பவர், தாய்க்கும் வரவில்லை, மகனுக்கும் வரவில்லை, மரபு என்று குறித்துக்கொள்வார். வசதியான வீடு பிள்ளையை மேலே தூக்கிவிடுவதைவிட, தவறின் விலையைக் குறைத்து வைப்பதே பெரிய வேலை. ஒரு பாடத்தில் தோற்பது, தவறான படிப்பைத் தேர்ந்தெடுப்பது, ஆறு மாதம் வேலையில்லாமல் இருப்பது எல்லாம் ஒரு வீட்டில் அனுபவம், இன்னொரு வீட்டில் பாதையே மாறிப்போவது.

சூழல் நசுக்கும் இடத்தில் மரபணு வேறுபாடு வெளியே தெரியவே வாய்ப்பில்லை என்று இதிலிருந்து எதிர்பார்க்கலாம். 2003இல் அமெரிக்காவில் ஏழு வயது இரட்டையரிடம் அப்படித்தான் கண்டார்கள். மிக ஏழைக் குடும்பங்களில் ஐக்யூ வேறுபாட்டில் சுமார் 60 விழுக்காடு குடும்பச் சூழலோடு போனது, மரபணுவின் பங்கு பூஜ்யத்தை ஒட்டி இருந்தது. வசதியான குடும்பங்களில் கிட்டத்தட்டத் தலைகீழ். ஆனால் 2016இல் பல நாட்டுத் தரவைச் சேர்த்துப் பார்த்தபோது, அமெரிக்காவில் இந்தப் போக்கு மறுபடியும் தெரிந்தது, மேற்கு ஐரோப்பாவிலும் ஆஸ்திரேலியாவிலும் தெரியவில்லை. அங்கே ஏழைக் குழந்தைக்கும் மருத்துவமும் பள்ளியும் ஓரளவு சமமாகக் கிடைப்பதே காரணம் என்பது நியாயமான யூகம், நிரூபணம் ஆகவில்லை.

இரண்டு எச்சரிக்கைகள் பாக்கி. பாட்டி பட்ட பட்டினி பேரனின் மரபணு மேல் முத்திரையாக இறங்குகிறது என்ற 'எபிஜெனடிக்ஸ்' பேச்சு எலிகளில் ஓரளவு காட்டப்பட்டது. மனிதரில் சமூக நிலை அப்படித் தலைமுறை தாண்டுகிறது என்பதற்குச் சான்று மெலிவு. மற்றது, ஒரு குழுவுக்குள் ஆட்களுக்கிடையே கண்ட மரபுப் பங்கை வைத்து இரண்டு குழுக்களுக்கு இடையேயான இடைவெளியை விளக்குவது. ஒரே மூட்டையிலிருந்து எடுத்த விதையைப் பாதி நல்ல மண்ணிலும் பாதி களர் மண்ணிலும் போட்டால், ஒவ்வொரு பாத்திக்குள்ளும் செடிக்குச் செடி காணும் வேறுபாடு விதையால்தான். இரு பாத்திகளுக்கும் இடையேயானது முழுக்க மண்ணால். பாத்திக்குள் அளந்த எண் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் இது மாறாது. 'நல்ல' வம்சத்தாரைப் பெருக்கி மற்றவரைக் குறைக்க வேண்டும் என்ற கொள்கைக்கு 'யூஜெனிக்ஸ்' என்ற சொல்லை 1883இல் உருவாக்கிய ஆங்கிலேய அறிஞர் ஃபிரான்சிஸ் கால்டன் காலத்திலிருந்து இந்தத் தாவலைச் செய்தவர்கள் கட்டாயக் கருத்தடைச் சட்டங்கள் வரை போனார்கள் என்பதால், இதைச் சாதாரணப் பிழை என்று விட்டுவிட முடியாது. வேடிக்கை, உயரமான பெற்றோரின் பிள்ளைகள் சராசரியை நோக்கித் திரும்புவதை 1886இல் அளந்து காட்டியவரும் அதே கால்டன்தான். பெற்றோர் சராசரியைவிட 15 சென்டிமீட்டர் உயரம் என்றால் பிள்ளைகள் சராசரியாக 10தான் கூடுதல். மரபணு சீட்டுக்கட்டைப் போல ஒவ்வொரு பிள்ளைக்கும் புதிதாகக் கலைத்துப் போடப்படுகிறது. ஒரு மக்கள்தொகையில் உள்ள மரபணு வேறுபாட்டில் ஏறக்குறைய பாதி, ஒரே பெற்றோருக்குப் பிறந்த பிள்ளைகளுக்கு இடையிலேயே கிடக்கிறது. சொத்துக்கு அப்படிக் கலைத்துப் போடும் வழக்கம் இல்லை. தலைமுறைகளைத் தாண்டி ஒரே வீட்டில் வசதி தங்குவதை மரபணு மட்டும் விளக்க முடியாததற்கு இதுவும் ஒரு காரணம்.

ஆக உங்கள் கேள்விக்கு: படிப்பில் ஆட்களுக்கிடையே காணும் வேறுபாட்டில் மரபணுவுக்குக் கணிசமான பங்கு உண்டு, இதை மறுப்பது சான்றை மறுப்பது. சொத்தில் வளர்த்த வீட்டின் பங்கே பெரிது. பள்ளியையும் வளர்ப்பையும் சீர்செய்து என்ன பயன் என்றால், பின்லாந்தில் தந்தை-மகன் எண் 0.07 இறங்கியது, ஜமைக்காவில் வருமானம் நூறுக்கு இருபத்தைந்து கூடியது.